ரோட்டரி கார் வாங்கும்முன் இன்ஜினை ஒருமுறை அணைத்துப் பாருங்கள்

வாங்கி ஒன்பதாம் நாள். பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை. பத்து விநாடி, மறுபடி பத்து விநாடி. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். காலையில் அரை செல்ஃபில் எழுந்த கார்தான் இது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி முக்கால் மணி நேரம் கழித்துத் திருகினால், எதுவுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. பேட்டரி சோர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலிருந்து உண்மைக்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. கார் வாங்கிய தொகைக்குச் சற்று மேலாகவே இன்னொரு தொகையும் போயிற்று. முன்கூட்டி யாராவது பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கும்.

கார் மாஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் கொண்ட ரோட்டரி இன்ஜின் கார். 2005 மாடல், ஆறு கியர் மேனுவல், ஓடோமீட்டரில் 92,000 கி.மீ. பார்க்கப் போனபோது பானெட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பிஸ்டன் காரில் இது நல்ல சகுனம்; முன்கூட்டியே சூடாக்கிவைத்து எதையும் மறைக்கவில்லை என்று அர்த்தம். ரோட்டரியில் கதை தலைகீழ். தேய்ந்த ரோட்டரி குளிரில் நன்றாகவே எழும். சூடேறிய பிறகுதான் காட்டிக்கொடுக்கும். நாற்பது நிமிடம் ஓட்டினேன். முள் 9,000 ஆர்பிஎம் வரை வழுக்கிக்கொண்டு ஏறியது, அந்தச் சத்தத்தில் மயங்கினேன். திரும்பி வந்து இறங்கும்வரை ஒருமுறைகூட இன்ஜினை அணைக்கவில்லை. முழுத் தவறும் அதுதான்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இந்த இன்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. நடுவில் சற்று ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ் இன்ஜினில் அப்படி இரண்டு ரோட்டர். ஒவ்வொன்றுக்கும் 654 சிசி, மொத்தம் 1,308 சிசி. ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஒவ்வோர் ஏபெக்ஸ் சீல், பக்கவாட்டில் சைடு சீல்கள், இரண்டும் சேரும் இடத்தில் கார்னர் சீல். பிஸ்டன் ரிங் செய்கிற வேலையை இந்தப் பொடிப்பொடி உலோகத் துண்டுகள் செய்கின்றன. அவற்றைச் சுவரோடு அழுத்துவது சிறு ஸ்பிரிங்கும் வாயு அழுத்தமும். இடைவெளியை அடைப்பது ஆயில் படலம். குளிர்ந்த ஆயில் கெட்டி, தேய்ந்த சீலையும் அது மூடிவிடும். சூடான ஆயில் தண்ணீர்போல் ஆகிவிடுவதால் செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் காற்று கசிகிறது, கலவை தீப்பிடிக்கும் அளவுக்கு அமுங்குவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகமே அந்தக் கசிவை மறைத்துவிடும். அதனால்தான் அந்த நாற்பது நிமிடமும் கார் எனக்குக் குதிரையாகத் தெரிந்தது.

ஆகவே பார்க்கப் போகிற எவரும் செய்ய வேண்டிய முதல் காரியம்: குளிரில் ஸ்டார்ட் செய்து பாருங்கள், இருபது நிமிடமாவது நன்றாக ஓட்டுங்கள், பிறகு அணையுங்கள். ஐந்து நிமிடம் விட்டு ஒருமுறை, பதினைந்து நிமிடம் விட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல இன்ஜின் இரண்டு மூன்று விநாடிக்குள் எழும். ஐந்தாறு விநாடி இழுத்தால் பேரத்தை நிறுத்திவிட்டு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது அறைக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்ற சோதனை, கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால்தான் எடுக்கும் என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில். புதிதாக வேகமான செல்ஃப் மோட்டார் போட்டிருப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனால் வேகமாகச் சுற்றுகிற மோட்டார், சோர்ந்த இன்ஜினையும் இன்னும் சில மாதம் எழுப்பிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பேட்டரி மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு செல்ஃப் மோட்டார். இரண்டு மாதம் நிம்மதி. அந்த இரண்டு மாதமும் இன்ஜின் உள்ளே கெட்டுக்கொண்டிருந்தது. அடுத்து ஸ்பார்க் பிளக். இந்த இன்ஜினில் ஒரு ரோட்டருக்கு இரண்டு, ஆக நான்கு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். இரண்டும் வேறு வேறு வகை. பிளக்கின் எண்ணிலேயே கடைசியில் எல், டி என்று இருக்கும். ரோட்டரி பார்த்திராத ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதையும் வயர்களையும் மாற்றி மாட்டிவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை இருமலும் உதறலும். மெக்கானிக் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கடைசியாக எப்போது ரோட்டரி இன்ஜினைப் பிரித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில்தான் கம்ப்ரஷனும் பார்த்தார்கள். முன் ரோட்டர் 6.6 பார், பின் ரோட்டர் 6.4 பார். கிட்டத்தட்ட சமமாக இருக்கிறது, இன்ஜின் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். அதை நம்பி மூன்று மாதம் சென்சார்களைத் துரத்தினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். சாதாரண கம்ப்ரஷன் கேஜில் ஒரு வால்வு இருக்கும். உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கு அது போதும், ஒரு சிலிண்டருக்கு ஒரே எண்தான். ரோட்டருக்கோ மூன்று முகம், மூன்று எண். கேஜ் அந்த மூன்றில் பெரியதை மட்டும் காட்டும். இரண்டு முகம் செத்து ஒன்று உயிரோடு இருந்தாலும் முள் நல்ல இடத்தில்தான் நிற்கும்.

ரோட்டரிக்கென்றே தனி டெஸ்டர் உண்டு. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று எண்ணும், செல்ஃப் சுற்றிய வேகமும் காட்டும். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில், எரிபொருளும் இக்னிஷனும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்ற வேண்டும். ரெனிசிஸ் இன்ஜினுக்கு மாஸ்டா சொல்லும் அளவு, 250 ஆர்பிஎம்மில் 830 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 120 பிஎஸ்ஐ. குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100ஐத் தாண்டக் கூடாது. செல்ஃப் வேகமாகச் சுற்றினால் எண்ணும் ஏறிவிடும்; ஆகவே எந்த வேகத்தில் எடுத்தது என்று எழுதாத ரிப்போர்ட் வெறும் தாள். 290 ஆர்பிஎம்மில் எடுத்த எண்ணை அப்படியே நீட்டுவார்கள், 250க்குக் கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். டெஸ்டர் கிடைக்கவே இல்லையென்றால், சாதாரண கேஜின் அந்தச் சிறு வால்வைக் கழற்றிவிட்டு, செல்ஃப் சுற்றும்போது முள் துள்ளுவதை மொபைலில் மெதுவான வீடியோவாக எடுங்கள். எண் சரியாக வராது; மூன்று துள்ளலும் ஒரே உயரமா என்பது தெரிந்துவிடும். காதுக்கும் ஒரு வேலை இருக்கிறது: பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் சக், சக், சக் என்று சீராகக் காற்று வெளியேற வேண்டும்.

எனக்கு வந்த எண்கள், 250க்குக் கணக்கிட்டபின்: முன் ரோட்டர் 660, 640, 650. பின் ரோட்டர் 640, 490, 470. தாளைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. ஆனால் இந்த ஆறு எண்ணும் தெளிவாகப் பேசும். ஓர் ஏபெக்ஸ் சீல் அடுத்தடுத்த இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. அது போனால் இரண்டு முகம் சேர்ந்து விழும். ஒரு முகம் மட்டும் விழுந்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சைடு சீல். மூன்றும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் பொதுவான தேய்மானம். என் முன் ரோட்டர் முதுமை, பின் ரோட்டர் நோய். ஒர்க்‌ஷாப்பில் பார்த்த 6.6ம் 6.4ம் எங்கிருந்து வந்தன என்பதும் இப்போது புரிந்திருக்கும்: ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல், ஒவ்வொரு ரோட்டரின் பெரிய எண் மட்டும்தான் அவை.

இன்ஜின் இறங்கியது. பதினொரு வாரம் ஆனது. அதில் வேலை பாதி, உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது பாதி. பிரித்தபோது பக்கத்தில் நின்றேன். ஏபெக்ஸ் சீலைக் கையில் வாங்கிப் பார்த்தால் கரும்பலகைக்குச்சி அளவுகூட இல்லை, ஒரு ஓரம் சில்லாகப் போயிருந்தது. பள்ளங்களில் கரி இறுகி, சைடு சீல்களில் இரண்டு, விரலால் அழுத்தினாலும் அசையவில்லை. ஹவுசிங்கின் உட்சுவர் குரோம் பூச்சு. பிளக் துளைக்கருகே அது செதிலாக உரிந்திருந்தது, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இந்தப் பூச்சைச் சிலிண்டர் போர் அடிப்பதுபோல் கடைந்து சரிசெய்ய முடியாது. உரிந்த ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும், செலவில் பெரும்பங்கு அதுதான். முதலில் தந்த எஸ்டிமேட்டில் சீல் கிட் மட்டுமே இருந்தது. ஆகவே விலை பேசும்போதே கேளுங்கள்: ஹவுசிங் மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு, பக்கவாட்டு இரும்புத் தட்டுகள் தேய்ந்து படி விழுந்திருந்தால் எவ்வளவு, ரோட்டர் பேரிங்கும் ஸ்டேஷனரி கியர் பேரிங்கும் சேருமா, கூலன்ட் ஓ-ரிங்கும் ஆயில் சீல்களும் புதிதா, சைடு சீலின் இடைவெளியை ஒவ்வொன்றாக ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்து அராவிப் பொருத்துவார்களா, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடுவார்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கட்டிய பிறகான கம்ப்ரஷன் எண்ணை எழுத்தில் தருவீர்களா என்றும் கேட்டு வையுங்கள்.

ஆனால் கொன்றது சீல் அல்ல. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தபோது தெரிந்தது, உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிப் பாதி வழி அடைத்திருந்தது. தொடக்கம் இக்னிஷன் காயில். ரோட்டரியில் ஒவ்வொரு ரோட்டரும் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரிக்கிறது. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டனைப்போல் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அல்ல. காயிலுக்கு இரட்டை வேலை, உட்கார்ந்திருப்பதும் இன்ஜின் சூட்டின் மேலேயே. காயில் மெல்லச் சோரும்போது பெட்ரோல் முழுதாக எரியாமல் வெளியே போய் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. கன்வெர்ட்டர் உருகி அடைக்கிறது. வெளியேற வழியில்லாத வெப்பம் இன்ஜினுக்கே திரும்புகிறது. ரெனிசிஸில் புகைபோகும் துளை பக்கவாட்டில் இருப்பதால் சைடு சீல்களும் ஸ்பிரிங்குகளும் அந்தச் சூட்டில் நேராகக் காய்கின்றன. வாங்கிய காரில் நான்கு காயிலும் பழசு. எப்போது மாற்றியது என்று நான் கேட்கவே இல்லை. புது இன்ஜின் கட்டிவிட்டுப் பழைய கன்வெர்ட்டரையும் பழைய காயிலையும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த வருடமும் வருவார்கள்.

இதை வைத்துச் சொல்கிறேன், பார்க்கப் போகும் காரில் காயில் மாற்றிய ரசீது இருந்தால் புதுப் பெயின்ட்டைவிட அது பெரிது. 50,000 கி.மீ.க்கு ஒருமுறை நான்கு காயிலையும் ஒருசேர மாற்றிவிடுங்கள், ஒன்று கெடும்வரை காத்திருக்க வேண்டாம். பிளக்கும் வயரும் கூடவே. பிளக்கை எட்ட இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் கை சுலபமாகப் போகும். ஓட்டிப் பார்க்கும்போது கீழே நன்றாக இழுத்து மேலே மூச்சு முட்டினால் இரண்டு சந்தேகம்: ஒன்று அடைத்த கன்வெர்ட்டர், மற்றது கூடுதல் இன்டேக் துளைகளைத் திறக்கும் வால்வுகள் கரி பிடித்து நின்றுபோயிருப்பது. அதிக சக்தியுள்ள ஆறு துளை மாடலில் 3,750 ஆர்பிஎம் வாக்கில் ஒன்று, 6,000க்குச் சற்று மேலே இன்னொன்று திறக்கும். மெதுவாகவே ஓட்டப்பட்ட காரில் இவை ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது சுத்தம் செய்தால் தீரும், முதலாவது தீராது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பெடலைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விடும். மிதிக்கும்போது கிறீச்சென்றாலோ பெடல் பக்கவாட்டில் ஆடினாலோ விளக்கடித்துப் பாருங்கள். பின் சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழே இருக்கும் சில்லிலும் துரு. முன் பம்பருக்குள் இருக்கும் ஆயில் கூலர்களும் அவற்றின் குழாய் இணைப்புகளும் அரித்துக் கசியும். 2003 முதல் 2008 வரையிலானதைவிட, மறுவடிவம் பெற்ற 2009 முதல் 2012 வரையிலான கார்கள் மேல். அவற்றில் ஒவ்வொரு ரோட்டர் அறைக்கும் ஆயில் தெளிக்கும் இன்ஜெக்டர் இரண்டுக்குப் பதில் மூன்று. ஆட்டோமேட்டிக்கை நான் தொட மாட்டேன்: சுழலும் எல்லை குறைவு, கரி அதிகம். ஓடோமீட்டர் குறைவாக இருப்பதை நம்ப வேண்டாம். தினமும் இரண்டு கி.மீ. போய் நின்ற 40,000 கி.மீ. காரைவிட, நெடுஞ்சாலையில் ஓடிய 1,20,000 கி.மீ. கார் ஆரோக்கியமாக இருக்கும். 1991இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி நான்கு ரோட்டர் கார். இந்த வகை இன்ஜினுக்கு ஓட்டம் பகை அல்ல, ஓடாமல் நிற்பதுதான்.

ஆயில். இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், குடிக்கத்தான் வேண்டும். சீல்களுக்கு மசகு போட ஒரு பம்ப் இன்ஜின் ஆயிலையே அறைக்குள் தெளிக்கிறது. ஓட்டத்தைப் பொறுத்து 1,500 முதல் 2,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கார் ஆயிலே குடிக்காது என்று யாராவது சொன்னால் மகிழ வேண்டாம், அந்தப் பம்ப்போ இன்ஜெக்டரோ அடைத்திருக்கிறது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பது என் வழக்கம். சமதரையில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, துடைத்து இருமுறை பாருங்கள். இந்தக் காரின் டிப்ஸ்டிக் முதல்முறை பொய் சொல்லும். 2003–2008 கார்களில் டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் முள்ளும் அப்படித்தான், உள்ளே இருப்பது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச். முள் நடுவில் நிற்பதால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆயிலை 5,000 கி.மீ.க்கு மாற்றுங்கள். மாற்றும்போது பாதி ஆயில் கூலர்களிலும் குழாய்களிலும் தங்கிவிடும். நீண்ட இடைவெளி விடுவது அதனால்தான் ஆகாது.

அதோடு பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது. இது கட்டாயமா என்று சண்டையே நடக்கும். தொழிற்சாலை சொல்லாத ஒன்று, ஆனால் நான் கலக்கிறேன், விடப்போவதில்லை. ஜாசோ என்ற ஜப்பானியத் தர அளவில் எஃப்சி அல்லது எஃப்டி தரம், லிட்டர் பெட்ரோலுக்கு 4 முதல் 8 மில்லி. 50 லிட்டர் போட்டால் 200 மில்லி ஆயிலை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு பெட்ரோல் நிரப்பினால் தானே கலந்துவிடும். மைலேஜ் பற்றிக் கேட்பவர்களுக்கு: லிட்டருக்கு ஆறு முதல் எட்டு. கேட்கிற ஆள் இந்தக் காரை வாங்க வேண்டாம்.

சூடு இன்னொரு எமன். இரும்புத் தட்டும் அலுமினிய ஹவுசிங்கும் மாறி மாறி அடுக்கி, நீண்ட போல்ட்டுகளால் சேர்த்து இறுக்கிய சாண்ட்விச் இது. ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து நடுவே இருக்கும் கூலன்ட் ஓ-ரிங் போய்விடும், இன்ஜின் இறங்க வேண்டியதுதான். டாஷ்போர்டின் வெப்ப முள் உதவாது. மிகப் பரந்த வெப்பநிலைக்கு அது நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், அசையும்போது காலம் கடந்திருக்கும். காரின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் சின்ன ஓபிடி ரீடர் ஒன்று வாங்கி மாட்டி உண்மையான டிகிரியைப் பாருங்கள். 105ஐத் தாண்டினால் ஓரம் கட்டுங்கள். பிளாஸ்டிக் கூலன்ட் டப்பாவின் ஒட்டுப்பகுதி வயதானால் வெடிக்கும், மலிவான பொருள், வாங்கியதும் மாற்றிவிடுங்கள். காரைப் பார்க்கும்போது, குளிர்ந்த இன்ஜினில் அந்த டப்பா மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விடாமல் குமிழி வந்தால், காலையில் வெள்ளைப்புகையோடு இனிப்பு நெடி அடித்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

குளிரில் ஸ்டார்ட் செய்து, வாசலிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்திவிட்டு உடனே அணைப்பது மிகப் பெரிய பாவம். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். எரியாமல் மிஞ்சியது சீலின் மேலிருந்த ஆயிலைக் கழுவிவிடும். கம்ப்ரஷன் போகும், பிளக் நனையும், அடுத்த முறை எழாது. எடுத்தால் வெப்ப முள் நடுவுக்கு வரும்வரை ஓடவிடுங்கள். வேறு வழியில்லையென்றால் அணைக்கும் முன் 3,000 ஆர்பிஎம்மில் பத்து விநாடி வைத்துவிட்டு அணையுங்கள். நனைந்தே விட்டால் பதற வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு ஏழெட்டு விநாடி செல்ஃப் அடியுங்கள்; முழு மிதியில் இன்ஜெக்டர்கள் நின்றுவிடும், காற்று மட்டும் போய் உலர்த்தும். மோட்டார் ஆற ஒரு நிமிடம் விட்டு மூன்று நான்கு முறை செய்யலாம். அதற்கும் மசியவில்லையென்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, செல்ஃப் அடித்து உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் பிளக் துளை வழியாக ஐந்து முதல் பத்து மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஓரிரு விநாடி சுற்றுங்கள். காய்ந்த பிளக், முழு சார்ஜ் பேட்டரி, ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட். புகை தெருவை மறைக்கும், அண்டை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தள்ளியோ கட்டி இழுத்தோ எழுப்புவது வேண்டாம், அந்தப் பெட்ரோல் முழுக்கக் கன்வெர்ட்டருக்குப் போகும். எழுந்த பிறகு டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்; பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் ஐடிலிங் தடுமாறினால் 2003–2008 கார்களில் ஒரு விசித்திரச் சடங்கு உண்டு: இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை எழுப்பாமல், எட்டு விநாடிக்குள் பிரேக்கை இருபது முறை மிதிக்க வேண்டும். ஆயில் பிரஷர் முள் ஒருமுறை எழுந்து விழுந்தால் கம்ப்யூட்டர் பழைய கணக்கை அழித்துவிட்டது என்று அர்த்தம். முதல்முறை கேட்டபோது கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆர்எக்ஸ்-7 தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990களின் எஃப்டி மாடலில் 13பி-ஆர்இடபிள்யூ இன்ஜின், ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரட்டை டர்போ. மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும், சூடு விஷயம் இரட்டிப்பாக. அதோடு டர்போக்களை இயக்கும் வாக்குவம் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கும். முப்பது வருட ரப்பர் அது, ஒன்று வெடித்தால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், தாறுமாறாகும். டர்போ ரோட்டரியில் ஒருமுறை டெட்டனேஷன், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, ஆனால் ஏபெக்ஸ் சீல் தேய்வதில்லை, உடைகிறது. உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு டர்போ வழியாக வெளியேறும். யாரோ பூஸ்ட் கூட்டிய கார், யார் டியூன் செய்தது என்ற தாள் இல்லாத கார் என்றால் பார்க்கக்கூடப் போகாதீர்கள்.

கட்டிய இன்ஜினை முதல் 1,000 கி.மீ. 4,000 ஆர்பிஎம்முக்குள் ஓட்டினேன், அடுத்த 1,000இல் மெல்ல ஏற்றினேன். இப்போது நன்றாகச் சூடேறிய பிறகு தினம் ஒருமுறையாவது ஆர்பிஎம் முள்ளை மேலே அனுப்புகிறேன், கரி இறுகாமலிருக்க. ஒரு வருடம் கழித்துச் சூட்டில் மறுபடி அளந்தோம்: முன் 800, 790, 800, பின் 790, 780, 790. தாளை மடித்துக் காயில் ரசீதோடு கிளவ்பாக்ஸில் வைத்திருக்கிறேன். அந்த மாலையே அதே பங்க்கில் நிரப்பிவிட்டுச் சாவியைத் திருகினேன். இரண்டு விநாடி. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.